மகளுக்கு 6, மகனுக்கு 9: கோடிங் எங்கிருந்து தொடங்குவது?

செந்தூல் அம்மா எழுதியது:

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் இருந்து எழுதுகிறேன். மகள் பாலர்பள்ளியில் இருக்கிறாள், மகன் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 3. பக்கத்துப் பேரங்காடியில் உள்ள ஒரு டியூஷன் நிலையத்தில் இரண்டு பேருக்குமே பைத்தான் என்ற நிரல்மொழி (கணினிக்குக் கட்டளை எழுதும் மொழி) சொல்லித் தருவதாகச் சொல்கிறார்கள். ஆளுக்கு மாதம் 280 வெள்ளி, அதோடு ஒரு ரோபோ பெட்டியும் வாங்க வேண்டுமாம். பள்ளிப் பெற்றோர் புலனக் குழுவில் பாதிப் பேர் "இப்போதே சேர்த்துவிடுங்கள்" என்கிறார்கள். மீதிப் பேர் "கைப்பேசியைப் பிடுங்குவதே பெரும்பாடு, இதில் கோடிங் வேறயா" என்கிறார்கள்.

வீட்டில் இருப்பது 8 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்று, 4 ஜிபி ரேம் உள்ள பழைய விண்டோஸ் மடிக்கணினி ஒன்று. இணையம் சில நாள் படுத்துக்கொள்ளும். எனக்கும் கணவருக்கும் நிரல் எழுதத் தெரியாது.

சின்னவளுக்கு இது உண்மையிலேயே ஏறுமா? பெரியவனுக்கு எதில் தொடங்குவது? ரோபோ பெட்டி தேவைதானா? வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ். அதிலேயே சொல்லிக் கொடுத்தால் பின்னால் குழப்பம் வருமா?


தரையில் ஆமை, பினாங்கு:

சின்னவளுக்கு முதலில் சொல்கிறேன். 6 வயதில் பைத்தான் வேண்டாம். அறிவு போதாது என்று சொல்லவில்லை. ஓர் எழுத்து தப்பினாலே நின்றுவிடும் மொழி அது. விசைப்பலகையில் எழுத்தைத் தேடுவதிலேயே அவள் நேரம் கரைந்துவிடும், யோசிக்க வேண்டிய இடத்துக்கு வந்தே சேரமாட்டாள்.

முதல் மூன்று நான்கு வாரம் திரையே தேவையில்லை, வீட்டுத் தரை ஓடு போதும். 5க்கு 5 என்று 25 ஓட்டை எடுத்துக்கொண்டு சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். 30 சென்டிமீட்டர் ஓடு என்றால் பொம்மையை நடத்தலாம், 60 என்றால் அண்ணனையே நடக்க வைக்கலாம். பழைய நாள்காட்டி அட்டையில் 24 சீட்டு வெட்டுங்கள்: 12 சீட்டில் "முன்னே ஓர் ஓடு", 6இல் "இடப்பக்கம் திரும்பு", 6இல் "வலப்பக்கம் திரும்பு". வெறும் அம்புக்குறி போதும், எழுத்து வேண்டாம். ஒரு மூலையில் பொம்மை, எதிர் மூலையில் ஒரு பிஸ்கட். பிஸ்கட்டை அடைய 4 முன்னே, 1 திரும்பு, மறுபடி 4 முன்னே, ஆக 9 சீட்டு.

ஒரே ஒரு விதியில் மட்டும் கறாராக இருங்கள். சீட்டு எல்லாவற்றையும் அடுக்கி முடித்த பிறகுதான் பொம்மை நகரும். ஒவ்வொரு சீட்டாக வைத்து வைத்து நகர்த்தினால் அது ரிமோட் கண்ட்ரோல், நிரல் இல்லை. முழு வழியையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பதுதான் இதில் பாடமே.

பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் மூன்றே இடங்களில்தான். பொம்மை நிற்கும் ஓட்டையும் சேர்த்து எண்ணி 5 முன்னே சீட்டு வைப்பார்கள்; பொம்மை டேப்பைத் தாண்டிப் போய்விடும். வளர்ந்த நிரலர்களையும் விடாத பிழை இது, திட்ட வேண்டாம். அடுத்தது, "திரும்பு" என்றால் திரும்பி ஓர் அடியும் வைப்பது என்று நினைப்பார்கள். நின்ற இடத்திலேயே திரும்புவது மட்டும்தான் என்பதை ஒரு முறை எழுந்து நின்று காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். மூன்றாவது கொஞ்சம் பிடிவாதமானது: பொம்மை இவளைப் பார்த்து வரும்போது தன்னுடைய இடக்கையைப் பொம்மையின் இடக்கையாக எடுத்துக்கொள்வாள். பொம்மையின் வலக்கையில் சிவப்பு நூல் ஒன்று கட்டுங்கள், சீட்டிலும் வலப்பக்கத்துக்குச் சிவப்பு அம்பு வரையுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

பொம்மை வேறு ஓட்டில் போய் நின்றால் "தப்பு" என்று சொல்லாதீர்கள். ஒரு பல்லாங்குழிச் சோழியைக் கொடுத்து, எந்தச் சீட்டில் வழி மாறியதோ அதன் மேல் வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சீட்டை மட்டும் மாற்றி முதலில் இருந்து ஓட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாக அடுக்க ஆசைப்படுவாள், விடாதீர்கள்.

முன்னே சீட்டு 12தான் என்று நான் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாம் வாரம் "ஓரமாகவே சுற்றித் தொடங்கிய இடத்துக்கு வா" என்று கேளுங்கள். அதற்கு 16 வேண்டும், கையில் 12தான் இருக்கும். சீட்டு போதவில்லை என்று அவளே வந்து நிற்பாள். அப்போது "4 முறை" என்று எழுதிய புதுச் சீட்டு ஒன்றையும் ஒரு ரப்பர் வளையத்தையும் கொடுங்கள். 4 முன்னே, 1 வலம், இந்த ஐந்தையும் வளையத்துக்குள் போட்டு மேலே "4 முறை". லூப் (ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது) எதற்கு என்று அதற்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"மைலோ கலக்குவது எப்படி என்று சொல், சொன்னபடியே செய்கிறேன்" என்ற விளையாட்டையும் பலர் பரிந்துரைப்பார்கள். ஒரு நாள் சிரிக்க நல்லது, அதற்கு மேல் இழுக்காது. அங்கே எது தப்பு என்று தீர்மானிப்பவர் அப்பா. வேண்டுமென்றே டின்னைத் திறக்காமல் நிற்கிறார் என்பது பிள்ளைக்குத் தெரியும். தரை ஓட்டில் தீர்ப்புச் சொல்வது ஓடு.


பச்சைக்கொடி, பிரிக்பீல்ட்ஸ்:

ஆமை சார் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. நான்கு வாரம் அதிகம், இரண்டு வாரத்தில் டேப்லெட்டைக் கையில் கொடுத்துவிடலாம். ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற செயலி. 5 முதல் 7 வயதுக்கென்றே டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் எம்ஐடியும் சேர்ந்து 2014இல் வெளியிட்டது. இலவசம், விளம்பரம் கிடையாது. இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும், எனவே உங்கள் வீட்டு இணையம் படுத்தாலும் கவலையில்லை. பிளாக் என்ற கட்டளைத் துண்டுகளில் எழுத்தே இல்லை, படம் மட்டும்தான். இடமிருந்து வலமாகக் கோத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

ஆனால் தரையில் இருந்து திரைக்கு மாறும்போது ஒரு பள்ளம் உண்டு. தரையில் பொம்மை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதுதான் "முன்னே". ஸ்கிராட்ச் ஜூனியரில் அப்படி இல்லை. வலது அம்பு என்றால் திரையின் வலப்பக்கம், அங்கே நாம் நகர்த்தும் பூனை தலைகீழாக நின்றாலும் சரி. திரும்பும் பிளாக் பூனையின் உடம்பைச் சுற்றிவிடுமே தவிர போகும் திசையை மாற்றாது. தரையில் நன்றாகப் பழகிய பிள்ளைதான் இங்கே அதிகம் திணறும். "இங்கே பூனைக்கு மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு கட்டளை, திரும்பத் தேவையில்லை" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். திரும்பும் பிளாக்கில் 12 போட்டால்தான் ஒரு முழுச் சுற்று, கடிகாரம் மாதிரி. 3 போட்டால் கால் சுற்று. மணி பார்க்கக் கற்கும் வயதில் இது உபரி லாபம்.

மேலே உள்ள கட்டப் பொத்தானைத் தட்டினால் அரங்கின் மேல் 20க்கு 15 கட்டம் தெரியும். முதல் நாள் வேலை இதுதான்: பூனை எந்தக் கட்டத்தில், மரம் எந்தக் கட்டத்தில், எத்தனை தள்ளி என்று விரலால் எண்ணி, வாயால் சொல்லி, பிறகு ஓட்டுவது. பெரும்பாலான பிள்ளைகள் வலது அம்பை ஆறு தடவை இழுத்துப் போடுவார்கள். போடட்டும். மறுநாள் பிளாக்கின் அடியில் உள்ள எண்ணைத் தட்டி 6 என்று மாற்றலாம் என்று காட்டுங்கள்.

எது கெடும் என்றால்: பச்சைக்கொடியைத் தட்டியும் ஒன்றும் நடக்கவில்லை என்பாள். கொடி படம் போட்ட மஞ்சள் பிளாக்கை வரிசையின் தலையில் வைத்திருக்க மாட்டாள். பிளாக்கையே நேராகத் தட்டினால் ஓடும் என்பதால் அது இல்லாதது முன்பே தெரியாது. இன்னொன்று, ஓட்டி முடித்ததும் பூனை போய் நின்ற இடத்தில் இருந்தே மறுபடி ஓட்டுவாள், கணக்கு மாறிவிடும். எல்லா உருவங்களையும் தொடக்க இடத்துக்குக் கொண்டுவரும் பொத்தான் மேலே இருக்கிறது, ஒவ்வொரு முறையும் அதைத் தட்டும் பழக்கம் வரட்டும். மறைக்கும் பிளாக் போட்டுவிட்டு "பூனை செத்துப் போச்சு" என்று அழுதால், காட்டும் பிளாக் ஒன்றைத் தட்டினால் பூனை திரும்பி வந்துவிடும்.

ஒரு கதைக்கு 4 பக்கம் வரை வைக்கலாம். நரியும் காக்காயும் வடையும் நான்கு பக்கத்தில் அடங்கும். குரலைத் தமிழில் பதிவு செய்து பிளாக்காக வைக்கலாம், அவளுக்கு அதுதான் உயிர். வாரம் மூன்று நாள், நாளைக்கு 25 நிமிடம் போதும். முடிக்கும் முன் "இப்போது கொடியைத் தட்டினால் என்ன நடக்கும்?" என்று கேட்டுவிட்டுத் தட்டச் சொல்லுங்கள். சொன்னது நடந்ததா இல்லையா என்று பார்ப்பதில்தான் அவள் கற்கிறாள்.


கரும்பலகை, கோலாலம்பூர்:

அண்ணனுக்கு நான் எழுதுகிறேன். 9 வயதுக்கு ஸ்கிராட்ச், இதுவும் பிளாக்குகளைக் கோத்து நிரல் எழுதுவதுதான். எம்ஐடி மீடியா லேபில் இருந்து 2007இல் வெளிவந்தது, இப்போது ஓடுவது 2019 ஜனவரியில் வந்த 3ஆம் பதிப்பின் வழி. 4 ஜிபி மடிக்கணினி தாங்கும். உலாவியில் மற்ற தாவல்களை மட்டும் மூடிவிடுங்கள். இணையம் நம்பகமாக இல்லை என்பதால் கணினியில் நிறுவும் பதிப்பையே இறக்கிக்கொள்ளுங்கள். உலாவியில் கணக்கு இல்லாமல் வேலை செய்தால், தாவலை மூடியதும் அவ்வளவும் போகும். கோப்புப் பட்டியில் "கணினியில் சேமி" என்பதை அவனே அழுத்தட்டும், கோப்புப் பெயரில் தேதியும் போடட்டும். கணக்குத் தொடங்கினால் புனைபெயர் மட்டும், பள்ளிப் பெயரோ உண்மைப் பெயரோ வேண்டாம்.

பாடத்திட்டப் பக்கமும் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டு 4 முதல் 6 வரை வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நிரல் எழுதும் பகுதி வருகிறது. இடைநிலைப் பள்ளியில் 2017 முதல் படிவம் 1இல் அடிப்படைக் கணினி அறிவியல் பாடம் உண்டு, ஆனால் அது எல்லாருக்கும் கட்டாயம் இல்லை. ஆகவே "பின்தங்கிவிடுவான்" என்ற பயத்தில் 9 வயதில் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

முதல் திட்டமாக ஆட்டம் வேண்டாம், கோலம் போடச் சொல்லுங்கள். இடது மூலையில் உள்ள நீட்டிப்புப் பொத்தானில் பேனாவைச் சேர்க்க வேண்டும். "4 முறை: 100 அடி நட, 90 பாகை திரும்பு" என்றால் சதுரம். அந்தச் சதுரம் முழுவதையும் இன்னொரு லூப்புக்குள் போட்டு, ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் 10 பாகை திரும்பி 36 முறை ஓட்டினால் திரை நிறையப் பூக்கோலம் விரியும். ஏன் 36? 36ஐப் பத்தால் பெருக்கினால் 360, ஒரு முழுச் சுற்று. 15 பாகை என்றால் எத்தனை முறை என்று அவனே கண்டுபிடிக்கட்டும்.

அடுத்து முக்கோணம் கேளுங்கள். இங்கே கிட்டத்தட்ட எல்லாருமே 60 பாகை போடுவார்கள், முக்கோணத்தின் மூலை 60 என்று எங்கேயோ கேட்டிருப்பதால். வருவது அரை அறுகோணம். உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். தரையில் டேப்பால் ஒரு முக்கோணம் ஒட்டி அதன் மேல் நடக்கச் சொல்லுங்கள். மூலையில் நிற்கும்போது உடம்பு எவ்வளவு திரும்புகிறது என்று அவனுக்கே தெரியும்: கால் சுற்றைவிட அதிகம். உள்ளே இருப்பது 60, உடம்பு திரும்புவது வெளியே உள்ள 120. மூன்று 120 சேர்ந்தால் மறுபடி 360.

கோலம் அலங்கோலமாக வந்தால் தொடக்கத்தைப் பாருங்கள். கொடிக்குக் கீழே இந்த வரிசை இருக்க வேண்டும்: பேனாவைத் தூக்கு, நடு இடத்துக்குப் போ, 90 பாகைப் பக்கம் பார், எல்லாவற்றையும் அழி, பேனாவை வை. பேனாவைத் தூக்க மறந்தால், போன முறை நின்ற இடத்தில் இருந்து நடுவுக்கு ஒரு கோடு இழுத்துக்கொண்டே வரும். திசையை மறந்தால் ஒவ்வொரு முறையும் கோலம் வேறு வாட்டத்தில் வரும், பையன் கணினி கெட்டுப்போச்சு என்பான். ஸ்கிராட்சில் 90 என்பது வலப்பக்கம், 0 என்பது மேலே. கணக்குப் பாடத்தில் வரும் வழக்கத்துக்கு இது மாறானது, சொல்லிவைப்பது நல்லது.

பிறகு ஆட்டம். பாலேக் பூலாவ் டுரியான் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: கூடை கீழே, டுரியான் மேலே இருந்து விழுகிறது. அரங்கின் அகலம் 480, உயரம் 360. நடுப்புள்ளி 0, எக்ஸ் (இடம்-வலம்) -240 முதல் 240 வரை, ஒய் (மேல்-கீழ்) -180 முதல் 180 வரை. டுரியானுக்கு: எக்ஸ் -220இல் இருந்து 220க்குள் ஏதோ ஓர் எண், ஒய் 180, "எப்போதும்" லூப்புக்குள் ஒய்யை 5 குறை, கூடையைத் தொட்டால் புள்ளியை 1 கூட்டி மேலே போ.

இதில் வரும் பிழைகள் எனக்கு மனப்பாடம். "கூடையைத் தொட்டால்" என்ற பிளாக்கை லூப்புக்கு வெளியே வைப்பான். அது கொடி தட்டிய நொடியில் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விடும், டுரியான் கூடையில் விழுந்தாலும் புள்ளி ஏறாது. உள்ளே வைத்து, மேலே அனுப்ப மறந்தால் வேறு கூத்து: ஒரு டுரியானுக்குப் புள்ளி 15 ஏறும். லூப் நொடிக்குச் சுமார் 30 முறை சுற்றுகிறது, அரை நொடி தொட்டுக்கொண்டிருந்தால் 15 தடவை கூட்டும். புள்ளி கொடுத்த மறுகணமே டுரியானை மேலே அனுப்பினால் சரியாகிவிடும். தரையில் விழுந்ததா என்று பார்க்க "ஒய் -180க்குச் சமம்" என்று எழுதுவான். வேகத்தை 5இல் இருந்து 7 ஆக்கினால் எண் சரியாக -180இல் வந்து நிற்காமல் தாண்டிப் போகும். "-170ஐவிடக் குறைவு" என்று கேட்க வேண்டும். புள்ளி மாறியை (எண்ணைச் சேமித்து வைக்கும் பெட்டி) கொடி தட்டியதும் 0 ஆக்க மறப்பது எல்லாரும் செய்வது.

கூடை நடுங்கி நடுங்கி நகர்ந்தால், "அம்பு விசை அழுத்தும்போது" என்ற தலைப்பு பிளாக்கைப் பயன்படுத்தியிருப்பான். விசையைப் பிடித்தே இருந்தால் முதல் அசைவுக்குப் பிறகு சற்று நின்றுதான் தொடரும், விசைப்பலகையின் இயல்பு அது. "எப்போதும்" லூப்புக்குள் "விசை அழுத்தப்பட்டிருந்தால்" என்று மாற்றுங்கள், வழுக்கிக்கொண்டு போகும்.

மொழி பற்றிக் கேட்டீர்கள், சகோதரி. பிளாக்கில் உள்ள சொல் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அதற்கான காரணத்தைத் தமிழில் பேசுங்கள். குழப்பம் வராது, தமிழ் இதற்கு வாகாகவே அமைந்த மொழி. "சுவரைத் தொட்டால் திரும்பு" என்னும்போது நிபந்தனை முதலில், செயல் பிறகு. நிரலும் அந்த வரிசையில்தான் ஓடுகிறது. "சுவரைத் தொடும் வரை நட" என்பது இன்னொரு வகை லூப். தமிழ்ச் சொற்களிலேயே எழுதும் எழில் என்ற நிரல்மொழி ஒன்றும் இருக்கிறது. அதில் நிபந்தனையை எழுதி அதன் பின்னால் "ஆனால்" என்று போட வேண்டும், "இல்லை" என்றால் மற்ற வழி, "முடி" என்றால் முடிவு. பையன் தட்டச்சுக்கு வந்த பிறகு ஒரு மாலை வேளைக்கு அதைக் காட்டலாம்.

நிபந்தனையை நேரில் காட்ட, ஒரு நாள் பிள்ளைகளோடு செந்தூல் தீமோர் ரயில் நிலையத்தில் ஏறி மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கி, கெலானா ஜெயா தடத்துக்கு மாறி முன்பெட்டியில் நில்லுங்கள். ஓட்டுநர் கிடையாது, 1998இல் தொடங்கியதில் இருந்தே அப்படித்தான். "கதவு மூடவில்லை என்றால் ரயில் என்ன செய்யும்? யார் அதற்குச் சொன்னது?" என்று இருவரையும் கேளுங்கள். அரை மணி நேரப் பயணத்தில் பத்து "ஆனால்" கிடைக்கும்.


சாலிடர் புகை, பாயான் லெப்பாஸ்:

ரோபோ பெட்டி இப்போது வேண்டாம். மோட்டாரும் சக்கரமும் மூடிய டப்பாவில் வரும். ஓடவில்லை என்றால் நிரல் தப்பா, பேட்டரி தீர்ந்ததா, கம்பி கழன்றதா என்று 6 வயதுக்குப் பிரித்துப் பார்க்க முடியாது. பெற்றோருக்கும் தெரியாது என்றால் பெட்டி அலமாரி மேலே போய்விடும்.

பெரியவன் ஸ்கிராட்சில் டுரியான் ஆட்டத்தைத் தானாக முடித்த பிறகு மைக்ரோபிட் ஒன்று வாங்குங்கள். பிபிசி 2016இல் பிரிட்டன் பள்ளி மாணவர்களுக்கென்று கொடுத்த சின்னப் பலகை. 5க்கு 5 என்று 25 எல்இடி, ஏ, பி என்று இரண்டு பொத்தான், அசைவை உணரும் கருவி. 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒலிபெருக்கியும் மைக்கும் பலகையிலேயே இருக்கின்றன, அதைப் பார்த்து வாங்குங்கள். மின்னணுப் பொருள்களுக்குக் கோலாலம்பூரில் புடுவை ஒட்டிய ஜாலான் பாசார். இணையத்தில் வாங்குவதென்றால் எங்கள் பினாங்கு மாநிலத்து சைட்ரான் நிறுவனம் இதை விற்கிறது. பலகை, யூஎஸ்பி கம்பி, ஏஏஏ பேட்டரி இரண்டு போடும் கூடு, இவை போதும். விரிவுப் பலகை, கார் எல்லாம் பிறகு.

வாங்கும் முன்பே ஒரு சோதனை செய்யலாம். மைக்ரோபிட்டுக்கு நிரல் எழுதும் மேக்கோட் இணையத்தளத்தில் பலகை இல்லாமலே திரையில் ஒரு போலி மைக்ரோபிட் ஓடும். அதில் குலுக்கலாம், பொத்தானை அழுத்தலாம். மூன்று வாரம் பையன் அதில் ஆர்வமாக இருந்தால் வாங்குங்கள். ஆர்வம் இல்லாவிட்டால் பணம் மிச்சம்.

முதல் வேலையாக அடி எண்ணும் கருவி செய்யச் சொல்லுங்கள். தொடக்கத்தில் "அடி" மாறியை 0 ஆக்கு. குலுங்கும்போது 1 கூட்டு. ஏ பொத்தானை அழுத்தினால் எண்ணைக் காட்டு. காட்டும் கட்டளையைக் குலுங்கும் பகுதியிலேயே வைத்தால் 9 வரை நன்றாக இருக்கும். 10 ஆனதும் இரண்டு இலக்கம் 5 கட்ட அகலத்தில் அடங்காமல் எண் ஊர்ந்து போகத் தொடங்கும், அது முடியும் வரை திரையில் காட்டுவது பின்தங்கும். அதனால்தான் காட்டுவதைத் தனிப் பொத்தானுக்கு மாற்றச் சொன்னேன். சாக்ஸுக்குள் செருகி நடக்கலாம். அவன் எண்ணிய அடிக்கும் பலகை சொன்ன அடிக்கும் வித்தியாசம் வரும், ஏன் என்று பேச அது நல்ல காரணம்.

கணினியில் செருகியும் மைக்ரோபிட் என்ற பெயரில் டிரைவ் வரவில்லையா? பத்தில் எட்டு தடவை குற்றவாளி கம்பிதான். பழைய கைப்பேசியோடு வந்த சில கம்பிகளில் மின்சாரம் போகும் இழை மட்டும் இருக்கும், தகவல் போகும் இழை இருக்காது. விளக்கு எரியும், ஆனால் கணினிக்குத் தெரியாது. வேறு கம்பி போடுங்கள். டிரைவின் பெயர் மெயின்டெனன்ஸ் என்று வந்தால், செருகும்போது பின்னால் உள்ள ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறீர்கள். கழற்றி, பொத்தானைத் தொடாமல் மறுபடி செருகுங்கள். பேட்டரிக் கூட்டைக் கழற்றும்போது சிவப்பு கறுப்பு ஒயரைப் பிடித்து இழுக்காமல் வெள்ளைத் தலையைப் பிடித்து இழுங்கள். 3 வோல்ட் முனையையும் ஜிஎன்டி முனையையும் முதலைக் கிளிப்பால் நேராக இணைத்துவிடக் கூடாது. பலகையை வெறும் மேசையில் வையுங்கள், அலுமினியத் தாள் மேலோ சில்லறைக் காசு மேலோ வைக்காதீர்கள்.

விடுமுறையில் பினாங்கு வந்தால் கொம்தார் கட்டடத்தில் டெக் டோம் அறிவியல் மையம் இருக்கிறது, ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் பினாங்கு மின்னியல் நூலகம் இருக்கிறது. கோலாலம்பூரிலேயே என்றால் கேஎல்சிசியில் பெட்ரோசயின்ஸ் அறிவியல் மையம். போய்ப் பார்த்துவிட்டு வந்தால் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று தானாகத் தோன்றும்.


செந்தூல் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சார், டீச்சர், யார் யார் என்று தெரியவில்லை, மன்னிக்கவும். இரண்டு சந்தேகம். டியூஷன் நிலையத்தை முற்றிலும் ஒதுக்கிவிடலாமா, இல்லை பெரியவனை மட்டும் சேர்க்கலாமா? பைத்தான் எப்போதுதான் தொடங்குவது? இன்னொன்று, அவன் திணறும்போது எனக்கே விடை தெரியாதே, என்ன செய்வது?


கரும்பலகை, கோலாலம்பூர்:

கடைசிக் கேள்விக்கு முதலில். விடை தெரியாதது உங்களுக்குச் சாதகம்தான். தெரிந்த பெற்றோர் செய்யும் முதல் காரியம், பிள்ளை கையில் இருந்து கணினி எலியை (மவுஸை) வாங்கிக்கொள்வது. நீங்கள் மூன்று கேள்வி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: என்ன நடக்கணும் என்று நினைத்தாய்? என்ன நடந்தது? எந்தப் பிளாக் வரைக்கும் சரியாக ஓடியது? மூன்றாவதற்கு அவனால் பதில் சொல்ல முடியாவிட்டால், பாதி பிளாக்கைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு மீதியை மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். சரியாக ஓடினால் பிழை கழற்றியதில் இருக்கிறது. வேண்டிய இடத்தில் "2 நொடி காத்திரு" பிளாக் ஒன்றைச் செருகினாலும் எது எப்போது நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

வகுப்பில் சேர்ப்பதைப் பொறுத்தவரை, ஒரு மாதிரி வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். ஒரு கணினிக்கு எத்தனை பிள்ளை? இரண்டுக்கு மேல் என்றால் ஒருவர் செய்வார், மற்றவர் வேடிக்கை பார்ப்பார். செய்த கோப்பை வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்களா? முக்கியமாக, வகுப்பு முடிவில் எல்லாப் பிள்ளைகளின் திரையையும் பாருங்கள். பத்துத் திரையிலும் ஒரே ஆட்டம், ஒரே நிறம், ஒரே எழுத்து என்றால் அது பார்த்து எழுதும் வகுப்பு. அதற்கு 280 வெள்ளி அதிகம்.

பைத்தானுக்கு வயதைப் பார்க்காமல் அடையாளத்தைப் பாருங்கள். விசைப்பலகையைக் குனிந்து தேடாமல் ஓரளவு தட்டச்சு செய்கிறான், ஆங்கிலத்தில் ஒரு வரி பிழைச் செய்தியைப் படித்துப் பொருள் சொல்கிறான், ஸ்கிராட்சில் மாறியும் "ஆனால்" பிளாக்கும் பார்க்காமலே போடுகிறான் என்றால் தொடங்கலாம். பலருக்கு அது 11, 12 வயதில் வரும். அப்போதும் முதலில் கோலத்தையே எழுதச் சொல்லுங்கள். பைத்தானோடு கூடவே வரும் ஆமைத் தொகுப்பில் முன்னே 100, வலம் 90 எல்லாம் அப்படியே இருக்கும். சீமோர் பேப்பர்ட்டும் உடன் இருந்தவர்களும் 1967இல் உருவாக்கிய லோகோ மொழியின் ஆமைதான் அது. தரை ஓட்டில் உங்கள் மகள் நடத்தும் பொம்மையும் அதே வம்சம். கணக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதால் அவன் கவனம் எழுத்து முறையில் மட்டும் நிற்கும். அங்கே தடுக்குவது மூன்று: லூப் தொடங்கும் வரியின் முடிவில் முக்காற்புள்ளி (:) போட மறப்பது, சின்ன எழுத்துக்குப் பெரிய எழுத்து, லூப்புக்குள் வர வேண்டிய வரியை உள்தள்ளாமல் விடுவது. கடைசிதான் மோசம், சில நேரம் பிழைச் செய்தியே வராது. சதுரத்துக்குப் பதில் ஒரு நீளக் கோடு மட்டும் வந்தால், திரும்பும் வரி லூப்புக்கு வெளியே இருக்கிறது.


தரையில் ஆமை, பினாங்கு:

டீச்சர் சொன்னதோடு ஒன்று. மழை நாளுக்கு பெப்ராஸ் என்ற கணினிச் சிந்தனைப் போட்டியின் பழைய கேள்விகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். லித்துவேனியாவில் 2004இல் தொடங்கியது, வயது வாரியாக இருக்கும், நிரல் தெரியத் தேவையில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே தாளில் உட்காரலாம்.


செந்தூல் அம்மா எழுதியது:

தரையில் டேப் ஒட்டியாகிவிட்டது, டீச்சர் சொன்ன முக்கோணத்தையும் சேர்த்து. இதற்கிடையில் பெரியவன் ஸ்கிராட்சை இறக்கி, பூனையைச் சுவரில் முட்டித் திரும்ப வைத்திருக்கிறான். திரும்பி வரும்போது பூனை தலைகீழாக நடக்கிறது. நான் எலியைத் தொடவில்லை. எந்தப் பிளாக் வரைக்கும் சரி என்று கேட்டேன், "முட்டுகிற வரைக்கும்" என்கிறான்.


கரும்பலகை, கோலாலம்பூர்:

சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். முட்டியதும் பூனையின் திசை 90இல் இருந்து -90க்கு மாறுகிறது, படத்தையும் அதோடு சேர்த்து 180 பாகை சுற்றிவிடுகிறது ஸ்கிராட்ச். நீல நிற அசைவு பிளாக்குகளில் "சுழற்சி முறை: இடம்-வலம்" என்று ஒன்று இருக்கும், அதைக் கொடிக்குக் கீழே முதலாவதாக வைக்கட்டும். ஆனால் இதை இன்றைக்கே அவனிடம் சொல்லாதீர்கள். நீலப் பெட்டியில்தான் விடை இருக்கிறது என்று மட்டும் சொல்லி நாளை வரை விட்டுவிடுங்கள்.